குளிர்காலத்தில் நாய்க்கு மேலங்கி வேண்டுமா?

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகனின் கதையை நம் தமிழ்ப் பள்ளி மாணவர் யாவரும் அறிவர். மலைச்சாரலில் தோகை விரித்து நின்ற மயிலைக் கண்ட அம்மன்னன், அது குளிரால் நடுங்குகின்றது என எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். மயிலுக்குப் போர்வையால் என்ன பயன் என்று அவன் ஆராயவில்லை. இவ்வாறு ஆராயாது அள்ளிக் கொடுத்தலைக் கொடைமடம் என்று நம் முன்னோர் போற்றினர். அவனது நெஞ்சின் ஈரம் போற்றுதற்குரியதே. ஆயினும் நாம் ஒரு வினாவை எழுப்பலாம். அம்மயிலுக்குப் போர்வை உண்மையில் தேவைப்பட்டதா? இயற்கை அதற்கு அளித்த இறகுகள் போதாவோ?

இதே வினா இன்று கனடாவில் வாழும் நம் இல்லங்களிலும் எழுகின்றது. நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. குளிர்காலம் தொடங்கியதும் கடைகளில் வண்ண வண்ண நாய் அங்கிகள் தொங்குகின்றன. அவற்றைக் கண்ட பிள்ளைகள் தமது நாய்க்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கின்றனர். அம்மம்மாவோ, “ஊரில் நாய்கள் சட்டை போட்டுக்கொண்டா திரிந்தன?” என்று கேட்கின்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவர் கூற்றும் முழுமையானதன்று. யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதே அரிது. ரொறன்ரோவிலோ சனவரி மாத இரவுகளில் அது உறைநிலைக்கும் 10 பாகை கீழே செல்வது வழமை. சில நாட்களில் 20 பாகை கீழேயும் செல்லும். ஆகவே ஊர் அனுபவத்தை இங்கு அப்படியே பொருத்த இயலாது. அதேவேளை, கடையில் தொங்குவதெல்லாம் எல்லா நாய்க்கும் வேண்டியதும் அன்று. எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம், வேண்டுமாயின் எவ்வாறு தெரிவு செய்வது என்பதனை நாம் இங்கு நோக்குவோம்.

இயற்கை தந்த போர்வை

மனிதரின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ் ஆகும். நாயின் உடலோ 38 முதல் 39 பாகை வரை வெம்மையாக இருக்கும். இவ் வெம்மையைக் காப்பதற்கே இயற்கை அதற்கு உரோமத்தை அளித்துள்ளது.

குளிர்நாட்டு நாய்கள் பலவற்றின் உரோமம் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. தோலை ஒட்டிப் பஞ்சு போன்று அடர்ந்து வளர்வது உள்மயிர். அதன்மேல் நீண்டு, சற்றுத் தடித்து வளர்வது புறமயிர். புறமயிர் பனியையும் மழையையும் தடுக்கின்றது. உள்மயிர் தன் இழைகளுக்கு இடையே காற்றைச் சிறைப்பிடித்து வைக்கின்றது. அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. எனவே உடலின் சூடு வெளியே செல்லாது நிற்கின்றது. நமது கம்பளி ஆடையும் இதே முறையிலேயே நம்மைக் காக்கின்றது.

ஹஸ்கி, அலாஸ்கன் மலமூட், சமோயெட், நியூபவுண்லாந்து முதலிய நாய்கள் இவ்வகையின. கனடாவின் வடபுலத்தில் இனூயிட் மக்களோடு பன்னெடுங்காலம் வாழ்ந்துவரும் கிம்மிக் என்னும் நாயும் இவ்வகையதே. 1999 ஆம் ஆண்டு உருவான நுனவுட் ஆட்சிப்பகுதி, அடுத்த ஆண்டிலேயே இந்நாயைத் தனது சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுப் பெருமை செய்தது. பனியிற் சுருண்டு படுத்து, வாலால் மூக்கை மூடி உறங்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

இத்தகைய நாய்க்கு மேலங்கி அணிவித்தால் நன்மை விளையாது; தீமையே விளையலாம். அங்கி உள்மயிரை அழுத்தும்போது அதனிடையே உள்ள காற்று வெளியேறிவிடும். மேலும் நாய் நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைத்தே தன் சூட்டைத் தணிக்கின்றது. தடித்த உரோமத்தின்மேல் தடித்த அங்கியும் சேர்ந்தால், ஓடி விளையாடும் நாய் குளிரிலும் வெம்மையால் துன்புறும். இங்கே அம்மம்மாவின் கூற்றே சரியானது.

எந்த நாய்க்கு அங்கி வேண்டும்?

எல்லா நாய்க்கும் அத்தகைய உரோமம் இல்லை. கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற வேட்டை நாய்கள் மெலிந்த உடலும் குட்டையான உரோமமும் உடையவை. அவற்றின் தோலின்கீழ்க் கொழுப்பும் மிகக் குறைவு. தமிழ்நாட்டின் இராசபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் இத்தகைய உடலமைப்புக் கொண்டவையே. வெப்பநாட்டில் விரைந்தோடுவதற்கு ஏற்ற இவ்வுடல், உறைபனியைத் தாங்குவதற்கு உரியதன்று. பூடில் நாய்க்கு உள்மயிர் அடுக்கு இல்லை. அதன் மயிரைக் கத்தரித்துவிட்டால் குளிர் எளிதில் உறைக்கும்.

உடலின் அளவும் முக்கியமானது. கணிதம் கற்கும் மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். கனவளவு 1 கன சென்ரிமீற்றர். 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவுருவின் மேற்பரப்பு 600, கனவளவு 1000. முதலாவதில் ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் 6 சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு உண்டு. இரண்டாவதில் 0.6 மட்டுமே உண்டு. வெப்பம் உடலினுள் உண்டாகி மேற்பரப்பின் வழியே வெளியேறுகின்றது. ஆகவே சிறிய உடல் தன் சூட்டை விரைவாக இழக்கும். சிவாவா போன்ற சின்னஞ்சிறு நாய் நடுங்குவதற்கும், பெரிய நாய் அதனருகே கலங்காது நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணமாகும். குட்டையான கால்களை உடைய நாய்களின் வயிறு பனியில் உரசுவதால் அவை மேலும் துன்புறும்.

இவற்றோடு வயதையும் உடல்நலத்தையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். குட்டிகளும் முதிய நாய்களும் தம் உடல் வெம்மையை நன்கு காக்க மாட்டா. மூட்டுவாதம் உள்ள நாய்க்குக் குளிரில் நடையே துன்பமாகும். தைரொயிட் சுரப்பிக் குறைபாடு போன்ற நோய்களால் உரோமம் உதிர்ந்த நாய்களுக்கும் அங்கி உதவும். ஐயம் எழுமாயின் மிருக வைத்தியரைக் கேட்டறிவதே சிறந்தது.

நோம் நகரம் கற்பித்த பாடம்

இவ்வேறுபாடு உயிரையே காக்கவோ போக்கவோ வல்லது என்பதற்கு வரலாற்றுச் சான்று ஒன்று உண்டு. 1925 ஆம் ஆண்டு சனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டைக்கரப்பான் நோய் பரவிற்று. பிள்ளைகளைக் காப்பாற்றும் மருந்து தொலைவில் இருந்தது. புகைவண்டி செல்லும் எல்லையிலிருந்து 674 மைல் தூரத்தை, 20 வண்டியோட்டிகளும் ஏறக்குறைய 150 நாய்களும் பனிச்சறுக்கு வண்டிகளில் மாறி மாறிக் கடந்து, ஐந்தரை நாட்களில் மருந்தைக் கொண்டு சேர்த்தனர். மிக நீண்டதும் ஆபத்து மிகுந்ததுமான பகுதியை டோகோ என்னும் நாயின் அணி ஓடிற்று. இறுதிப் பகுதியை ஓடி நகரை அடைந்தது போல்டோவின் அணி. நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் போல்டோவின் சிலை இன்றும் நிற்கின்றது.

அப் பயணத்தில் சார்லி எவன்ஸ் என்னும் வண்டியோட்டியின் இரு முன்னணி நாய்கள் குட்டை உரோமம் கொண்டவை. அத்தகைய நாய்களின் அடிவயிற்றை முயல்தோலால் மூடுவது அங்குள்ளோர் வழக்கம். அவ்வேளை அது மறக்கப்பட்டது. இரு நாய்களும் குளிரில் உறைந்து வீழ்ந்தன. எவன்ஸ் தாமே வண்டியை இழுத்து அடுத்த நிலையத்தை அடைந்தபோது அவை உயிர்நீத்துவிட்டன. நாய்களை நன்கறிந்த வடபுல மக்கள் உறையைத் தேவையுள்ள நாய்க்கு, தேவையுள்ள இடத்தில் அணிவித்தனர் என்பதனை இதிலிருந்து உணரலாம்.

வெப்பமானியும் நாயின் மொழியும்

7 பாகை செல்சியசுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்கு இடர் இல்லை. உறைநிலைக்குக் கீழே சிறிய, மெலிந்த, முதிய நாய்களுக்குக் காப்பு வேண்டும். -6 பாகைக்குக் கீழே அவற்றின் நடையைச் சுருக்குதல் நன்று. -12 பாகைக்குக் கீழே எந்த நாயையும் நெடுநேரம் வெளியே விடலாகாது. காற்று வீசினாலோ உரோமம் நனைந்திருந்தாலோ இவ்வெல்லைகள் பொருந்தா. நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்த வல்லது.

எண்களைவிட நாயே நமக்குச் சிறந்த வழிகாட்டி. நடுங்குதல், முதுகைக் கூனுதல், பாதத்தை மாறி மாறித் தூக்குதல், வீட்டை நோக்கித் திரும்புதல் ஆகியன அதன் மொழியாகும். நடுக்கம் நின்று, நாய் சோர்ந்து தள்ளாடினால் அது நலமடைந்துவிட்டது என்று கருதக் கூடாது. அதுவே பேராபத்தின் அறிகுறி. உடனே உள்ளே கொண்டுவந்து, உலர்த்தி, போர்வையாற் சுற்றி, மிருக வைத்தியரை நாட வேண்டும்.

அங்கியைத் தெரிவு செய்தல்

கடைக்குச் செல்லுமுன் மூன்று அளவுகளை எடுத்தல் வேண்டும். முதலாவது, கழுத்துப்பட்டி இருக்கும் இடத்தின் சுற்றளவு. இரண்டாவது, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் மிக அகன்ற பகுதியின் சுற்றளவு. மூன்றாவது, கழுத்தின் அடியிலிருந்து வாலின் அடிவரை முதுகின் நீளம். இவ்வளவுகளை எடுக்கும் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அங்கியை அணிவித்தபின் அதற்கும் உடலுக்கும் இடையே இரு விரல்கள் நுழைய வேண்டும்.

அங்கி முதுகை மட்டுமன்றி மார்பையும் வயிற்றையும் மூடுதல் நன்று. ஆயின் நாய் சிறுநீர் கழிக்கத் தடையாக இருக்கலாகாது. உட்புறம் கம்பளியாகவோ பிளீஸ் துணியாகவோ, வெளிப்புறம் நீர் புகாததாகவோ இருப்பது சிறப்பு. கம்பளி மட்டுமாயின் ஈரப்பனியில் நனைந்து குளிரைக் கூட்டும். தொங்கும் பொத்தான்களையும் அலங்காரங்களையும் நாய் கடித்து விழுங்கிவிடக் கூடும். அவற்றைத் தவிர்த்தல் வேண்டும். மாலை ஐந்து மணிக்கே இருள் சூழும் இந்நாட்டில், ஒளியைத் தெறிக்கும் பட்டி உள்ள அங்கி வாகன ஓட்டுநரின் கண்ணிற் படும்.

விலையுயர்ந்த அங்கியே வேண்டும் என்பதில்லை. வறண்ட குளிர்நாளில் சிறிய நாய்க்குப் பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டித் தைத்தாலே போதுமானது. முதலில் வீட்டினுள் சில நிமிடங்கள் அணிவித்துப் பழக்க வேண்டும். நடந்து திரும்பியதும் அங்கியைக் கழற்றி உலர்த்துவதோடு, அக்குளிலே தோல் உரசியுள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும்.

பாதங்களை மறவாதீர்

நாயின் பாதங்கள் பனியில் உறையாதிருப்பது ஏன்? யப்பானிய ஆய்வாளர்கள் 2011 ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். பாதத்திலே சூடான குருதியைக் கொண்டுவரும் நாடிகளும், குளிர்ந்த குருதியை மீட்டுச் செல்லும் நாளங்களும் மிக நெருங்கி அமைந்துள்ளன. ஒன்றின் சூடு மற்றொன்றுக்குச் செல்வதால், குளிர்ந்த குருதி வெம்மை பெற்றே உடலுக்குத் திரும்புகின்றது.

ஆயினும் வீதிகளில் தூவப்படும் உப்புக்கு இயற்கை விடை தரவில்லை. அது பாதத்தைப் புண்ணாக்கும். நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். வாகனங்களிலிருந்து சிந்தும் உறைதடுப்புத் திரவமோ இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு. எனவே ஒவ்வொரு நடையின் பின்னும் பாதங்களை இளஞ்சூட்டு நீரிற் கழுவித் துடைத்தல் வேண்டும். பாத உறைகளும் உண்டு. அலாஸ்காவின் இடிட்டரோட் ஓட்டப் போட்டியில், குளிருக்கென்றே பிறந்த நாய்களுக்குக்கூட ஆளுக்கு எட்டுப் பாத உறைகள் கொண்டுசெல்வது கட்டாயமாகும்.

பெற்றோரே, மாணவர்களே! அங்கி அலங்காரப் பொருளன்று. அதனை வாங்குவதும் வாங்காது விடுவதும் நம் விருப்பத்தைப் பொறுத்ததாக இராது, அவ்வுயிரின் தேவையைப் பொறுத்ததாக இருத்தல் வேண்டும். வாய்பேசாத உயிரின் தேவையை அறிவதற்கு அன்பு மட்டும் போதாது. உற்றுநோக்கும் கண்ணும், கற்றறியும் மனமும் வேண்டும். இக்குளிர்காலத்தில் உங்கள் நாயின் உரோமத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே பஞ்சு போன்ற மயிர் உண்டா? வெளியே பத்து நிமிடம் நின்றதும் அது என்ன செய்கின்றது? விடையை அதுவே உங்களுக்குச் சொல்லும்.