டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’... பழைய எஸ்டேட் கார்கள் நடுரோட்டில் நிற்பது ஏன்?

மதுரையில் இருந்து திருமங்கலம் போகும் நான்குவழிச் சாலை. சித்திரை வெயில். பழைய அம்பாசடர் எஸ்டேட் கார் ஒன்று கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டியதும் ரெண்டு தடவை குலுங்கி, ஓரம் கட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கு. பேட்டரியும் நல்லா இருக்கு. செல்ஃப் அடிச்சா எஞ்சின் சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல. கால் மணி நேரம் கழித்து, ஒண்ணுமே பண்ணாம தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். பத்து கிலோமீட்டர் போனால் மறுபடி அதே கதை.

இந்த மாதிரி நேரத்தில் கார்புரேட்டரைக் கழற்றி சுத்தம் செய்வார்கள், பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள். கோளாறு அங்கே இல்லாமல், டேங்க் மூச்சு விடும் வழியில் இருக்கலாம்.

டேங்குக்கு எதற்கு காற்று?

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊற்றிப் பாருங்கள். கொஞ்சம் வரும், அப்புறம் திக்கித் திக்கி நிற்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக வரும். கார் டேங்கும் அப்படித்தான். பெட்ரோல் வெளியே போகும் அளவுக்கு காற்று உள்ளே வரணும். இதற்காக சில கார்களில் மூடியிலேயே சின்ன துளை அல்லது வால்வு இருக்கும். சிலவற்றில் டேங்கின் மேலிருந்து தனியாக ஒரு மெல்லிய குழாய் போகும்.

அந்த வழி அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகும். பம்பு இழுத்தாலும் பெட்ரோல் வராது. ரொம்ப மோசமானால் தகர டேங்கே உள்பக்கமாக ஒடுங்கிவிடும்.

எதனால் அடைக்கிறது?

பெரும்பாலும் புழுதியும் துருவும்தான். நாளாகக் கிடக்கும் வண்டியில் குளவி மண்கூடு கட்டி அடைப்பதும் உண்டு. இன்னொரு காரணம் யாரும் யோசிக்காதது: பங்க்கில் மூடி தொலைந்துபோய், கிடைத்த மூடியை வாங்கிப் போடுவது. பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், ஆனால் காற்றுத் துளை இருக்காது.

வெயில் காலத்தில் ஏன் அதிகம்?

பெட்ரோலின் சில பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மதுரைச் சமவெளியில் கோடையில் காற்றே அந்தச் சூட்டைத் தாண்டுகிறது. பானட்டுக்குள் இன்னும் அதிகம். பெட்ரோல் குழாயிலும் பம்பிலும் ஆவி நிரம்பி, பெட்ரோல் நகராமல் போவதைத்தான் ‘வேப்பர் லாக்’ என்கிறார்கள். காற்று வழி அடைபட்டு வெற்றிடம் இருந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அதனால் இரண்டு கோளாறும் கைகோர்த்து வரும்.

எது என்று எப்படி கண்டுபிடிப்பது? வண்டி நின்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்து, மூடியை மெதுவாகத் தளர்த்தணும். காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் அடைப்புதான். ஆவி வெளியே பீய்ச்சினால் அழுத்தம் வெளியேற வழியில்லை என்று அர்த்தம். மூடி திறந்தும் ஒன்றும் மாறாமல், பம்பு மேல் ஈரத்துணி போட்ட பிறகு ஸ்டார்ட் ஆனால் அது வேப்பர் லாக்.

எஸ்டேட் காரில் ஆபத்து ஏன் கூடுதல்?

சாதாரண காரில் டிக்கி தனி அறை. எஸ்டேட் காரில் சாமான் வைக்கும் இடமும் ஆட்கள் உட்காரும் இடமும் ஒன்றுதான். பல எஸ்டேட் கார்களில் டேங்கின் காற்றுக் குழாய் பின்பக்க பாடிக்குள்ளேயே ஏறிப் போகும். அந்த ரப்பர் வெடித்தால் பெட்ரோல் ஆவி நேராக வண்டிக்குள்தான் வரும். அது காற்றைவிட கனமானது என்பதால் தரையோடு தங்கும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பின்னாடி படுத்துத் தூங்கும் பிள்ளைகள்தான் அதை முதலில் சுவாசிப்பார்கள்.

வாடை அடிக்குதே என்று பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டுவது இன்னும் தப்பு. செங்குத்தான பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் சைலன்சர் புகை உள்ளே இழுக்கப்படும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

மூடியில் ஆணியால் ஓட்டை போடலாமா?

பலரும் செய்வதுதான், வண்டியும் ஓடும். ஆனால் வளைவில் பெட்ரோல் சிந்தும், மழையில் தண்ணீர் இறங்கும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அதிகமானால் பெட்ரோலைப் பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது சீக்கிரம் கெடுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், அந்த மாடலுக்கே உரிய மூடி, இந்த இரண்டுக்கும் செய்யும் செலவு வீண் போகாது.

கோடையில் கழுத்து வரை பெட்ரோல் அடிக்காமல் இருப்பதும் நல்லது. 50 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டர் அளவுக்கு விரியும். அதற்கு இடம் வேண்டாமா?

டேங்கில் துரு ஓட்டை விழுந்திருந்தால் நேராக வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே மிச்சமிருக்கும் ஆவி தீப்பொறி பட்டாலே வெடிக்கும். நீராவியால் நன்றாகச் சுத்தம் செய்த பிறகுதான் கை வைக்கணும்.

பதிவு விஷயத்தில் என்ன விதி?

2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. தனியார் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் தகுதிச் சான்றுடன் பதிவைப் புதுப்பிக்கணும். 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் இருக்கும் கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு ‘விஏ’ என்ற தனி நம்பர் வரிசை கொண்டுவந்தது. முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த நம்பர் வாங்கிய வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ராஜபாளையம் வரை கல்யாணத்துக்குப் போய் வர நினைப்பவர்கள் பழைய நம்பரிலேயே எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்வதுதான் வசதி.