வெயிலில் வளைந்த ஸ்டாண்டும் வளையாத சிடியும்

சென்ற மே மாதம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தேன். கடற்கரைக் கோயில் அருகே காரை நிறுத்த மரநிழல் கிடைக்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மூன்று மணி நேரம் சுற்றினோம். திரும்பி வந்து பார்த்தால், டேஷ்போர்டில் இருந்த மொபைல் ஸ்டாண்ட் வாடிய வெற்றிலைக் கொடி மாதிரி மடிந்து கிடந்தது. அக்கா மகன் தன் கல்லூரி 3டி பிரிண்டரில் ஆசையாகச் செய்து கொடுத்தது அது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஸ்டாண்டைப் பார்த்து அல்ல. அதன் பக்கத்திலேயே ஒரு சிடி இருந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாண போட்டோக்கள்! செங்கல்பட்டில் சித்தப்பா வீட்டில் காட்டுவதற்காக எடுத்து வந்தது. வேறு பிரதி கிடையாது. எடுத்துப் பார்த்தேன். தட்டையாகவே இருந்தது.

ஒரே வெயில், ஒரே டேஷ்போர்டு. ஒன்று வளைந்தது, மற்றது ஏன் வளையவில்லை?

பிளாஸ்டிக் என்பது நீண்ட மூலக்கூறு இழைகளின் சிக்கல். நேற்றைய இடியாப்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். விறைப்பாக இருக்கும், ஆவி காட்டினால் இழைகள் இளகும். பிளாஸ்டிக்கும் உருகுவதற்கு வெகு முன்பே, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் இப்படி விறைப்பை இழக்கிறது. 3டி பிரிண்டர்களில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக்குக்கு இது சுமார் 60 டிகிரி செல்சியஸ். ஏபிஎஸ்ஸுக்கு சுமார் 105. சிடி தயாரிக்கும் பாலிகார்பனேட்டுக்கு 145-ஐத் தாண்டும். வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

இதை எப்படி அளக்கிறார்கள்? டிஎஸ்சி என்ற கருவியில் சில மில்லிகிராம் பிளாஸ்டிக்கைச் சிறிய அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணத்தையும் வைப்பார்கள். இரண்டையும் நிமிடத்துக்கு 10 டிகிரி என்பது போல ஒரே வேகத்தில் சூடாக்குவார்கள். இழைகள் இளகும் இடத்தில் பிளாஸ்டிக் கூடுதல் வெப்பம் கேட்கும்; வரைபடத்தில் ஒரு படி தெரியும். டிஎம்ஏ கருவியில் ஒரு மெல்லிய கம்பி பிளாஸ்டிக்கின் மேல் நின்று, அது எவ்வளவு விரிகிறது, எப்போது அமுங்குகிறது என்று மைக்ரோமீட்டரில் சொல்லும்.

எனக்குப் பிடித்தது இன்னும் எளிமையானது. பிளாஸ்டிக் பட்டையை இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் எடை ஏற்றி, எண்ணெய்த் தொட்டியில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடாக்குவார்கள். பட்டை 0.25 மில்லிமீட்டர் வளையும் வெப்பநிலையைக் குறித்துக் கொள்வார்கள். என் காரில் நடந்ததும் ஏறக்குறைய இதே சோதனைதான்! சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கப்பட்ட சிப்பெட் போன்ற நிறுவனங்களில் இவற்றைச் செய்கிறார்கள்.

சிடியும் சும்மா இருக்கவில்லை. 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் 12 சென்டிமீட்டர் சிடி மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். (எதிரே நின்ற கோயிலின் கருங்கல் அதில் எட்டில் ஒரு பங்குதான் விரியும்.) ஆறியதும் பழைய அளவுக்கு வந்துவிடும்.

ஆனால் வீட்டுக்கு வந்து டிரைவில் போட்டபோது 9 படங்கள் திறக்கவில்லை. நாம் பதிவு செய்யும் சிடியில் தகவல் இருப்பது பாலிகார்பனேட்டில் அல்ல. அதன் மேலுள்ள மெல்லிய சாயப் பூச்சில். வெப்பமும் வெளிச்சமும் அதைக் கெடுக்கும். பல வருடப் பழைய சிடி என்பதால் அன்றைய வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அப்பா தாலி கட்டும் படம் தப்பித்தது.

நீங்கள் சிடி வைத்திருந்தால் இன்றே ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்துவிடுங்கள். லேசர் பிரிண்டர் டோனர் வாங்கினால் காரில் விட்டு வைக்காதீர்கள். அதுவும் பிளாஸ்டிக் தூள்தான், சூட்டில் கட்டி தட்டலாம்.

“ஏபிஎஸ்லயே போட்டிருக்கணும் மாமா” என்று அக்கா மகன் புது ஸ்டாண்ட் செய்தான். அது ஆறும்போது சுருங்கி மூலைகள் தூக்கிக் கொண்டதால் முதல் இரண்டும் வீண். மூன்றாவது இப்போது காரில் இருக்கிறது.