நாயும் பூனையும் பேணுதல்

பொதிகை மலையில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடும் தாமிரபரணி, கடலை அடையுமுன் கடக்கும் இறுதி அணை ஸ்ரீவைகுண்டம் அணையாகும். அவ்வணையிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நீரூட்டுகின்றன. ஆற்றின் வடகரையில் அமைந்த ஸ்ரீவைகுண்டம், குமரகுருபரர் பிறந்த பெருமை உடையது. கள்ளபிரான் கோயிலால் புகழ் பெற்றது. விடியற்காலையில் இவ்வூர்த் தெருக்களில் நடந்து செல்வோர், திண்ணையின் மூலையில் முகம் கழுவிக் கொண்டிருக்கும் பூனையையும், வாயிற்படியில் தலை வைத்துப் படுத்திருக்கும் நாயையும் காணாமல் இருக்க இயலாது. இவ்விரண்டையும் நாம் வளர்க்கிறோம் என்று சொல்லிக் கொள்கிறோம். நன்றாக வளர்க்கிறோமா என்பதுதான் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. செருமனி நாட்டில் பான் நகருக்கு அருகில் 1914-ஆம் ஆண்டில் ஒரு பழங்காலப் புதைகுழி வெளிப்பட்டது. ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாய்க்குட்டி ஒன்றுடன் புதைக்கப்பட்டிருந்தனர். அக்குட்டியின் பற்களை 2018-ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்த அறிஞர், அது 'டிஸ்டெம்பர்' என்னும் கொடிய நோயால் பல வாரங்கள் வருந்தியதைக் கண்டறிந்தனர். அந்நிலையில் உணவும் நீரும் ஊட்டி யாரேனும் பேணியிராவிடில் அது அத்தனை வாரம் உயிரோடு இருந்திருக்க முடியாது. வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத ஒரு நோயுற்ற குட்டியை அம்மக்கள் காப்பாற்ற முயன்றனர். அவர்களிடம் மருந்து இல்லை, நம்மிடம் இருக்கிறது.

நம் நாட்டில் கோடைதான் முதற்பகை. மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. அவ்வியர்வை காய்வதால் உடல் குளிர்கிறது. நாய்க்கோ பெரும்பாலும் உள்ளங்காலில் மட்டுமே வியர்க்கும். ஆகவே அது வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சிரைத்து, அதனால் எழும் ஈரக்காற்றின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட் பாகை வரை இருக்கும். அது 105 பாகையைத் தாண்டினால் உயிருக்கே இடர் நேரும். சித்திரை, வைகாசித் திங்களில் தகரக் கொட்டகையின் கீழோ, நிழல் நகர்ந்துவிட்ட முற்றத்திலோ சங்கிலியால் பிணிக்கப்பட்ட நாய், நிழலைத் தேடிச் செல்ல வழியின்றி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். காலையில் நிழலாக இருந்த இடம் நண்பகலில் வெயிலாகிவிடும் என்பதைக் கட்டியவர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டி வைப்பதையும், கட்டியே வளர்க்கும் நாயை உலவவிடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது.

வெயிலால் தளர்ந்த நாய் அளவுக்கு மீறி இரைக்கும், வாயில் எச்சில் ஒழுகும், தள்ளாடி விழும். உடனே அதனை நிழலுக்குக் கொண்டு சென்று, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றுப்படச் செய்து, பின்னர் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். தார்ச்சாலையில் நாயை நடத்திச் செல்லுமுன் உங்கள் புறங்கையைச் சாலைமீது வைத்துப் பாருங்கள். உங்களால் சிறிது நேரமும் பொறுக்க முடியாத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது.

சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராசபாளையம் முதலிய நம் தென்னாட்டு நாய்கள் குட்டை மயிர் உடையவை, இவ்வெப்பத்திற்குப் பழகியவை. இவற்றுள் இராசபாளையம் நாயின் உருவத்தை இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் அஞ்சல்தலையில் பொறித்துச் சிறப்பித்தது. வெண்ணிறமான அவ்வினத்தில் பிறவியிலேயே செவிடான குட்டிகள் தோன்றுவதுண்டு. அழைத்தால் வராத குட்டியைப் பிடிவாதம் உடையது என்று அடிப்பது பேதைமை. பனிநாட்டில் பிறந்த அடர்மயிர் நாய்களையும், மூக்குச் சப்பிய நாய்களையும் வாங்கி வந்து இப்பள்ளத்தாக்கில் வளர்ப்போர், அவற்றுக்கு ஆண்டில் பாதி நாள் கோடை என்பதை உணர்தல் வேண்டும்.

பூனையின் முன்னோர் பாலைநிலத்தில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். அதனால் பூனைக்குத் தாகம் குறைவு. உண்ணும் இரையின் ஈரத்தைக் கொண்டே பெரிதும் காலம் தள்ளும். உலர்ந்த தீனியே தின்னும் பூனை போதிய நீர் குடிப்பதில்லை. நாளடைவில் அதன் சிறுநீரகம் கெடும். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தூய நீர் வைப்பதும், மீன் வேகவைத்த உப்பில்லா நீரைச் சோற்றில் கலந்து கொடுப்பதும் நலம்.

ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு மழைக்காலம். 2023-ஆம் ஆண்டு மார்கழித் தொடக்கத்தில், டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் இப்பகுதியில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், ஏறக்குறைய 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. ஊர்களுக்குள் நீர் புகுந்தது. அத்தகைய வேளையில் மனிதர் மாடிக்கோ மேட்டுக்கோ ஏறிவிடுகின்றனர். பூனை சுவரேறித் தப்பும். நாய்க்கு நீந்தத் தெரியும்; ஆனால் கட்டப்பட்ட நாய்க்கு நீச்சல் எதற்கு உதவும்? சங்கிலியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உலகம். நீர் ஏறும் என்ற செய்தி கிடைத்தவுடன் நாயையும் மாட்டையும் கட்டவிழ்த்துவிடுதல், நெற்குதிரைக் காப்பதற்கு முன்னரே செய்ய வேண்டிய வேலை. உடன் அழைத்துச் செல்ல முடிந்தால் இன்னும் நன்று.

வெள்ளம் வடிந்த பின்னர் வேறோர் இடர் தோன்றுகிறது. வயல் எலிகளின் சிறுநீரில் உள்ள நுண்ணுயிர் தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்து, கால்வெடிப்பு, காயம் ஆகியவற்றின் வழியே உடலில் புகுகின்றது. இதனால் வருவது எலிக்காய்ச்சல். நாய்க்கு ஈரலும் சிறுநீரகமும் கெடும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும். நோயுற்ற நாயின் சிறுநீரால் வீட்டார்க்கும் அந்நோய் பரவக் கூடும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. நெல் விளையும் ஊரில் அதனை விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது.

மழைக்காலத்தில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் பெருகும். உண்ணி குருதியைக் குடிப்பதோடு நில்லாமல், காய்ச்சல் தரும் நுண்ணுயிர்களையும் நாயின் உடலில் செலுத்தி விடுகிறது. காதின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் 'பெர்மெத்ரின்' என்னும் பொருள் உள்ளது. அது பூனைக்கு நஞ்சு. நாய்க்கு வாங்கியதில் மிஞ்சியதைப் பூனைக்குத் தடவியவர், பூனை வலிப்புக் கண்டு துடிப்பதையே காண்பர். அவ்வாறே நாம் தலைவலிக்கு விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கப் போதும்.

தீபாவளி நாளில் வெடியோசை கேட்டு ஓடிய நாய் திரும்பாமல் போவது ஆண்டுதோறும் நிகழ்கிறது. அன்று மாலையில் அதனை உள்ளறையில் வைத்துக் கதவடைத்தால் போதும். மார்கழிப் பனியில் பூனை சூட்டை நாடும். முன்னாளில் அடுப்புச் சாம்பல் அதற்குப் படுக்கையாயிற்று. எரிவாயு அடுப்பு வந்தபின் பாவம், அது மோட்டார் வண்டிகளின் இயந்திரத்தின்மேல் ஏறிப் படுக்கத் தொடங்கியிருக்கிறது. வண்டியைக் கிளப்புமுன் மூடியைத் தட்டுதல் நல்ல பழக்கம்.

உணவைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் குருதியிலுள்ள சிவப்பணுக்களையும் அழிப்பவை. ஆகவே சாம்பார்ச் சோறு அவற்றுக்கு உகந்ததன்று. சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். பூனைக்குப் பாலே உயிர் என்று நாம் நம்புகிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. புலால் புகாத வீடுகளில் பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டும் இடுவது வழக்கம். 'டாரின்' என்னும் சத்தை நாயின் உடல் தானே ஆக்கிக் கொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு ஆக்கிக் கொள்ள முடியாது. அது மீனிலும் இறைச்சியிலும் மட்டுமே மிகுதியாக உள்ளது. அச்சத்துக் குறைந்தால் பூனையின் கண்பார்வை அழியும் என்று 1975-ஆம் ஆண்டிலும், இதயம் தளரும் என்று 1987-ஆம் ஆண்டிலும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். தயிர்ச்சோற்று வீட்டுப் பூனை இத்தனை காலமும் பார்வையோடு வாழ்ந்தது என்றால், அதற்குக் காரணம் இரவில் அது பிடித்த எலிகளே. மாடி வீட்டுக்குள் அடைத்து வளர்க்கும் பூனைக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

இனி, யாவற்றினும் கொடிய வெறிநாய்க்கடி நோயைக் காண்போம். இந்நோயின் நச்சுயிர் விலங்கின் எச்சிலில் உள்ளது. கடியின் வழியே புகுந்து, நரம்பின் வழியாக ஊர்ந்து மூளையை அடைகிறது. அதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆனால் அந்த இடைக்காலம் நமக்குக் கிடைத்த வாய்ப்பாகும். 1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள், பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த யோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார், சிறுவன் பிழைத்தான். அவர் பெயர் தாங்கிய ஆய்வு நிலையம் நீலகிரிக் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் தோன்றியது.

கடி பட்டவுடன் சவர்க்காரம் இட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி ஆகியவற்றை அப்புவதால் தீமையே விளையும். பின்னர்த் தாமதியாமல் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். அங்கே ஊசி விலையின்றிப் போடப்படுகிறது. வயிற்றைச் சுற்றிப் 14 ஊசி என்று பாட்டனார் அஞ்சிய காலம் மறைந்துவிட்டது. இன்று கையிலேயே சில ஊசிகள்தாம். மாணவர்கள் இதனை நன்கு உள்ளத்தில் கொள்ள வேண்டும்: குட்டி நாயோ, சொந்த வீட்டு நாயோ, பூனையோ பல் பதித்தால், அது சிறு கீறலே ஆயினும் பெற்றோரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். "அம்மா வைவாள்" என்று கீறலைச் சட்டைக் கைக்குள் மறைத்த பிள்ளைகளை இந்நோய் கொண்டுபோயிருக்கிறது. கடித்த விலங்கைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் அப்பத்து நாள் கழியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போடுவது நம் நாட்டு வழக்கம். பூனைக்கும் அவ்வாறே. அதற்கு முன்னரே, ஆறு அல்லது எட்டு வாரத்தில், டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றுக்குத் தடுப்பூசி தொடங்க வேண்டும். குருதிக் கழிச்சலால் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் மாய்க்கும் பார்வோ, 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய புது நோய். குடற்புழு மருந்தையும் மறக்கலாகாது.

நாயின் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது கிடைக்கும் என்பர். இது பொருந்தாத கணக்கு. ஒரு வயது நாய் ஏறக்குறையப் பதினைந்து வயது இளைஞனுக்கு ஒப்பாகும். பின்னர் அதன் முதுமை மெல்ல நடக்கும். பேருருவ நாய்கள் விரைவில் மூக்கின். பூனைகள் பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் வாழும். மிகுதியாக நீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மெலிதல், படியேறத் தயங்குதல் ஆகியவை கிழத்தன்மை என்று தள்ளிவிடக் கூடியவை அல்ல. சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, மூட்டு வாதம் ஆகியவற்றின் குறிகள் அவை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு முதுமையில் கருப்பையில் சீழ் கட்டுவதுண்டு. உப்பு மிகுந்த கருவாடு கிழப்பூனைக்கு ஆகாது. கண் மங்கிய நாய் மோப்பத்தாலும் பழக்கத்தாலும் நடமாடும். அதன் நீர்ச்சட்டியையும் படுக்கையையும் இடம் மாற்றாமல் இருப்பதே நாம் அதற்குச் செய்யும் பேருதவி. முதிய விலங்கை ஆண்டுக்கு இருமுறையேனும் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சென்னையில் 1903-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இராமையன்பட்டியில் 2012-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியதால், நெல்லைச் சீமையில் உள்ளவர்க்கும் இன்று அவ்வசதி அருகிலேயே உள்ளது.

எங்கள் வீட்டில் வீரன் என்றொரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. பதினோராம் வயதில் அது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக் கொள்ளும். "வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்" என்று நாங்கள் ஒரு மாதம் வாளா இருந்தோம். பின்னர் மருத்துவர் ஒருவர் அதன் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பற்கள் இரண்டு வேரோடு அழுகிச் சீழ் வைத்திருந்தன. அது பசியோடுதான் கிடந்திருக்கிறது; மெல்ல முடியவில்லை. பற்களைப் பிடுங்கிய மூன்றாம் நாள், குழைய வடித்த சோற்றையும் மீனையும் தின்றுவிட்டு, சட்டியை நக்கிக் கொண்டே முற்றம் வரை தள்ளிச் சென்றது. அதன்பின் இரண்டு மார்கழிகள் அது சாக்குப் படுக்கையில் உறங்கி, விடிந்ததும் என் தந்தையாரோடு ஆற்றங்கரை வரை நடந்து வந்தது.