டர்பனிலிருந்து ஹேக் வரை

பிளஸ் டூ முடித்த பிள்ளை, இன்ஜினீயரிங்கும் வேண்டாம், மருத்துவமும் வேண்டாம், சட்டம் படிக்கப் போகிறேன் என்றால் நம் வீடுகளில் இன்றும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். இந்த ஊர் கோர்ட்டில் நமக்கு யாரைத் தெரியும், இந்த ஊர் பாஷையில் வாதாட வருமா என்ற கவலை வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்குச் சற்று அதிகம். இப்போது இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: "சர்வதேசச் சட்டம் படித்தால் ஐ.நா.வில் வேலையாமே!" அந்த வழி எப்படிப் போகிறது என்பதை, அதில் கடைசி வரை நடந்த ஒருவரை வைத்துப் பார்ப்போம். அவரும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழர்களின் வம்சம்தான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அவ்வாறு போய்ச் சேர்ந்த சமூகத்தில், டர்பன் நகரில் 1941ல் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. நவி பிள்ளை என்றால் உலகுக்குத் தெரியும். தந்தை பஸ் டிரைவர். வீட்டுப் பணம் திருடுபோன ஒரு வழக்கில் ஆறு வயதிலேயே கோர்ட்டில் சாட்சி சொல்லியிருக்கிறார். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது, பணம் மட்டும் திரும்பி வரவில்லை! மேற்படிப்புக்கு அங்கிருந்த இந்தியச் சமூகத்தார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1963ல் பி.ஏ., 1965ல் எல்எல்.பி. பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. வெள்ளையர் நடத்திய சட்ட நிறுவனங்கள் வெள்ளையரல்லாத ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. 1967ல் அவரே அலுவலகம் திறந்தார். நேட்டாலில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர் சொந்தமாக வக்கீல் தொழில் நடத்தியது அதுவே முதல் தடவை. நீதிபதியின் அறைக்குள் நுழையக்கூட அவருக்கு அனுமதியில்லாத காலம் அது. நிறவெறிச் சட்டங்களின் கீழ் பிடிபட்டவர்களுக்காகவும், கணவனிடம் அடிபட்ட பெண்களுக்காகவும் வாதாடினார். ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவும் மற்றக் கைதிகளும் வக்கீலைச் சந்திக்கும் உரிமையை 1973ல் பெற்றுத் தந்தார். உள்ளூர் கோர்ட்டில் மொத்தம் 28 ஆண்டுகள்.

இதன் நடுவில்தான் ஹார்வர்ட் போனார். 1982ல் எல்எல்.எம்., 1988ல் சட்டத்தில் டாக்டர் பட்டம். ஆக, முதல் பட்டத்துக்கும் வெளிநாட்டுப் பட்டத்துக்கும் இடையே பதினேழு வருஷம். இன்று பல பிள்ளைகள் எல்எல்.பி. முடித்த கையோடு, பாங்கில் பெருங்கடன் வாங்கிக்கொண்டு எல்எல்.எம். படிக்க விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு லண்டனிலோ நியூயார்க்கிலோ கோர்ட்டில் நிற்க முடியாது. அந்தந்த ஊரின் தகுதித் தேர்வு தனி. இரண்டு மூன்று வருஷமாவது இங்கே வழக்கு நடத்திவிட்டுப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஏன் என்பதற்கு நவி பிள்ளையின் அடுத்த கட்டமே சாட்சி.

1995ல் மண்டேலா அரசு அவரை உயர் நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாக நியமித்தது. அதே ஆண்டு, ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்துக்குப் பொதுச்சபை அவரைத் தேர்ந்தெடுத்தது. டான்சானியாவின் அருஷா நகரில் அமர்ந்த அந்த நீதிமன்றத்தில் முதல் வழக்கு, டாபா என்ற ஊரின் நிர்வாகத் தலைவர் அகயேசு மீது. தொடக்கத்தில் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. வேறு விஷயத்துக்குச் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண் பேச்சோடு பேச்சாகத் தன் சிறு மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவி பிள்ளைதான். நீதிபதிகள் அதை அப்படியே விட்டுவிடவில்லை, மேலும் கேட்டார்கள். 1997ல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2ல் வந்த தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் கற்பழிப்பும் இனப்படுகொலைக் குற்றமே என்றது. எந்தச் சர்வதேச நீதிமன்றமும் அதற்குமுன் அப்படிச் சொன்னதில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கும் பெண் தயங்கும்போது கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பது டர்பன் கோர்ட்டில் கற்ற பாடம். எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதற்கு வகுப்பு கிடையாது.

1999ல் அத்தீர்ப்பாயத்தின் தலைவரானார். 2003 முதல் 2008 வரை ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதி. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர்.

இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச நீதிபதி பதவி விண்ணப்பம் போட்டு வாங்குவதல்ல. பெயர் முன்மொழியப்பட்டு, நாடுகள் ஓட்டுப் போட வேண்டும். குற்றவியல் நீதிமன்ற ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. உறுப்பு நாட்டுக் குடிமக்களே அங்கு நீதிபதியாகலாம் என்பதால், இந்தியக் குடிமகனுக்கு அந்த நாற்காலி கிடையாது. அதே ஹேக் நகரில் நாடுகளுக்கிடையே வழக்குத் தீர்க்கும் சர்வதேச நீதிமன்றம் வேறு. அதன் 15 நீதிபதிகளில் ஒருவராக பி.என். ராவ் 1952லேயே அமர்ந்தார். பிறகு நாகேந்திர சிங், பாடக், 2012ல் தல்வீர் பண்டாரி.

இளம் பட்டதாரிக்குத் திறந்திருக்கும் கதவு சிறியது. கல்லூரியில் இருக்கும்போதே ஜெஸ்ஸப் மாதிரி நீதிமன்றப் போட்டியில் கலந்துகொள்ளலாம். இந்தியச் சுற்றில் ஜெயித்தால் சர்வதேசச் சுற்றுக்குப் போகலாம். பிரெஞ்சு கற்பது பெரிய அனுகூலம். சர்வதேச நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். அந்த நீதிமன்றம் நீதிபதிகளுக்கு உதவியாக ஆண்டுதோறும் சில இளம் பட்டதாரிகளைப் பத்து மாத அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. தனியாக மனுப்போட முடியாது, படித்த பல்கலைக்கழகம் பரிந்துரைக்க வேண்டும். நெடுங்காலம் அந்தப் பல்கலைக்கழகமே செலவையும் ஏற்க வேண்டியிருந்ததால் பணக்காரக் கல்லூரிகளின் பிள்ளைகளே போய்வந்தார்கள். வளரும் நாட்டுப் பட்டதாரிகளுக்கு உதவ 2020 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு நிதி ஏற்படுத்த வழி செய்தது. பிள்ளை கடைசி வருஷம் படிக்கும்போதே, தங்கள் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் அனுப்புகிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.