கடல் கடந்து வந்த மின்கருவிகள்

சென்னை மாநகரின் தென்பகுதியில், கிண்டிக்கும் தரமணிக்கும் அண்மையில் அமைந்துள்ளது வேளச்சேரி. ஏரியும் வயலும் சூழ்ந்த பழைய ஊராக இருந்த அது, இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகர்ப்பகுதியாக விளங்குகிறது. அங்குள்ள குடும்பங்கள் பலவற்றிலிருந்து தொழில் கருதியும் கல்வி கருதியும் அமெரிக்கா, சிங்கப்பூர், ஜப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்று வருவோர் பலர். அவர்கள் திரும்பும்போது அந்நாடுகளின் மின்கருவிகளும் உடன் வருகின்றன. புதிய கருவியை உடனே இயக்கிப் பார்க்க ஆவல் எழுவது இயல்பே. ஆயினும், ஒரு நாட்டுக் கருவி மற்றொரு நாட்டு மின்சாரத்தை ஏற்குமா என்பதை அறியாமல் அதனை இயக்குதல் பொருட்கேட்டையும், சிற்சில வேளைகளில் உயிர்க்கேட்டையும் விளைவிக்கும்.

உயரத்தில் வைத்த தொட்டியிலிருந்து நீர் விசையுடன் பாய்வதுபோல, மின்னழுத்தத்தால் கம்பியில் மின்சாரம் பாய்கிறது. அவ்வழுத்தம் வோல்ட்டு என்னும் அலகால் அளக்கப்படும். மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை முன்னும் பின்னுமாக அலைகிறது என்பதைக் குறிப்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்சு. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்சு ஆகும். அமெரிக்காவில் அது 120 வோல்ட்டு, 60 ஹெர்ட்சு. ஜப்பானிலோ 100 வோல்ட்டுத்தான். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்சும், மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்சும் வழங்குகின்றன.

இவ்வேறுபாடு தோன்றியது ஏன்? எடிசன் 1882ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் நிறுவிய மின்நிலையம், அக்காலக் கரியிழை விளக்குகளுக்கேற்ப ஏறத்தாழ 110 வோல்ட்டு அளவில் மின்சாரம் வழங்கிற்று. அழுத்தத்தை இரு மடங்காக்கினால், அதே அளவு ஆற்றலைப் பாதி மின்னோட்டத்திலேயே அனுப்பலாம். மெல்லிய செம்புக் கம்பியே போதும். இந்நன்மை கருதி ஐரோப்பிய நாடுகள் உயர்ந்த அழுத்தத்தை மேற்கொண்டன. அமெரிக்காவிலோ எண்ணற்ற வீடுகளில் பழைய அளவுக்குரிய கருவிகள் பெருகிவிட்டமையால் மாற்றம் அரிதாயிற்று.

பிளக்குகளின் வரலாறும் இத்தகையதே. இங்கிலாந்தில் வழங்கிய உருண்டை முனைப் பிளக்கு இந்தியாவிற்கு வந்து நிலைபெற்றது. இங்கிலாந்து 1947ஆம் ஆண்டில் தட்டை முனைகள் மூன்றுடைய புதிய பிளக்கை வகுத்துக்கொண்டது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதனைப் பின்பற்றின. இந்தியாவிலோ பழைய வடிவமே தொடர்ந்தது.

அமெரிக்காவில் வாங்கிய ரொட்டி வாட்டும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது 120 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டம் பெற்று 1200 வாட்டு ஆற்றலுடன் இயங்குவது. அதனை வேளச்சேரி வீடொன்றின் 230 வோல்ட்டு மின்சாரத்தில் இணைத்தால், மின்னோட்டம் ஏறத்தாழ 19 ஆம்பியராகவும், ஆற்றல் ஏறத்தாழ 4400 வாட்டாகவும் உயரும். அழுத்தம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடியது. வெப்பமோ மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! வீட்டிலுள்ள பெரிய சாக்கெட்டே 16 ஆம்பியருக்குத்தான் உரியது. கருவி கரிவதோடு, தீப்பற்றும் இடரும் உண்டு.

கடைகளில் ‘அடாப்டர்’ என்று விற்கப்படும் மாற்றுப் பிளக்கு இவ்விடரைத் தடுக்குமா? தடுக்காது. அது முனைகளின் வடிவத்தை மட்டும் மாற்றுவது, அழுத்தத்தை மாற்றுவதன்று. துளையில் பொருந்துவது வேறு. மின்னழுத்தத்தைத் தாங்குவது வேறு. இதனை உணராமையே பல கருவிகள் பாழாவதற்குக் காரணமாகும்.

கருவியின் அடியிலோ பின்புறத்திலோ பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளே உண்மையை உரைக்கும். ‘100–240 வோல்ட்டு, 50/60 ஹெர்ட்சு’ என்றிருப்பின் அச்சமில்லை. கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் மின்னேற்றிகள் பெரும்பாலும் இவ்வகையின. எந்நாட்டு அழுத்தத்தையும் ஏற்றுத் தமக்கு வேண்டிய அளவாக மாற்றிக்கொள்ளும் மின்சுற்று அவற்றினுள் உள்ளது. சிங்கப்பூரிலிருந்து வந்த கருவியில் ‘230 வோல்ட்டு’ என்றிருப்பின், தக்க மாற்றுப் பிளக்கே போதும். ‘120 வோல்ட்டு’ அல்லது ‘100 வோல்ட்டு’ என்று மட்டும் இருப்பின், அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இன்றியமையாதது. கருவியின் ஆற்றலைவிட மின்மாற்றியின் தாங்குதிறன் மிகுந்திருத்தல் வேண்டும்.

மின்மாற்றியும் அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்சு அதிர்வெண்ணைக் கொண்டே காலத்தைக் கணக்கிடும் கடிகாரம், 50 ஹெர்ட்சில் ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் பின்தங்கும். இந்தியாவிலிருந்து செல்லும் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். 230 வோல்ட்டு மாவரைக்கும் கருவி அமெரிக்க மின்சாரத்தில் செவ்வனே சுழலாது. அதனால் அயல்நாட்டுத் தமிழர்களுக்கென 110 வோல்ட்டுக் கிரைண்டர்கள் தனியே செய்யப்படுகின்றன.

மூன்றாம் முனையின் பயனையும் மறத்தலாகாது. இந்தியப் பிளக்கின் நீண்டு தடித்த முனை நிலத்தொடர்புக்குரியது. கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அதனை நிலத்திற்குக் கடத்தி உயிரைக் காப்பது அதுவே. அம்முனையைத் துண்டிப்பதும், நிலத்தொடர்பற்ற மாற்றுப் பிளக்கில் உலோக உடற்கருவியை இணைப்பதும், சாக்கெட்டின் மூடியைத் திறக்கப் பேனாவையோ குச்சியையோ செருகுவதும் பெருந்தவறுகளாகும்.

மின்சாரம் ஏவிய பணியைச் செய்யும் நல்ல ஏவலாள். ஆனால், பிழை பொறுக்கும் இயல்பு அதற்கில்லை. கருவியில் பொறித்த ஒரு வரியைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடப் பொறுமை பொருளையும் காக்கும்; உயிரையும் காக்கும்.