ஓசையும் ஒளியும் சுமையாகும்போது

வங்கிக் கிளையின் ஓசைகளை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பணம் எண்ணும் இயந்திரத்தின் இரைச்சலும் டோக்கன் எண்ணை அறிவிக்கும் மணியும் குழல் விளக்கின் ரீங்காரமும் நமக்குப் பழகிவிட்டன. ஆட்டிசம் உள்ள ஒருவருக்கோ இவையனைத்தும் ஒரே வலிமையுடன், ஒரே நொடியில் வந்து மோதக்கூடும். காதைப் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி விரையும் இளைஞரைக் கண்டு, வளர்ப்பு சரியில்லை என்று வரிசையில் நிற்போர் முணுமுணுப்பதுண்டு. அடுத்த முறை அக்குடும்பம் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, புலனுணர்வு மிகுதியையும் குறைவையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் சேர்த்தது. குறைவு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒருவரால் சட்டைக் கழுத்துப்பட்டை உரசுவதையே பொறுக்க இயலாது. மற்றொருவர் இறுக்கமான அழுத்தத்தைத் தேடிச் செல்வார். ஆட்டிசம் உள்ள பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், கால்நடைகளை இருபுறமும் அணைத்து நிறுத்தும் கூண்டைக் கண்டு, தம் உடலை மென்மையாக அழுத்தும் கருவியொன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். பிறருக்கு அது விந்தை, அவருக்கு அமைதி. எனவே, எது அமைதி தரும் என்பதை அவரவரிடமும், அவருடன் வாழ்வோரிடமுமே கேட்டறிய வேண்டும். செயல்முறை மருத்துவர் இதற்கு வழிகாட்டுவார்.

கிளைக்கு வரும் நாளுக்கும் இது பொருந்தும். ஓய்வூதியம் வழங்கப்படும் மாதத் தொடக்க நாள்களைத் தவிர்க்கலாம். கிளையின் வாசல், கவுண்டர் ஆகியவற்றின் படங்களை முன்னரே காட்டி வைக்கலாம். ஓசையைத் தடுக்கும் ஹெட்போனும், கையில் உருட்டிக்கொள்ளப் பழகிய பொருளும் உடன் வரட்டும். அவற்றைக் கழற்றும்படியோ உள்ளே வைக்கும்படியோ நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்திலும் கடமை உண்டு. கைரேகைக் கருவியில் விரலைப் பற்றி அழுத்துவது அலுவலர்களின் வழக்கம். எதிர்பாராத தொடுதல் சிலருக்குப் பெருந்துன்பம். அலுவலர் தம் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்தல் கூடாது. பணம் எண்ணும் இயந்திரத்தை உட்புறம் தள்ளி வைக்கச் செலவேதுமில்லை என்பது என் கருத்து.

பதினெட்டு வயது நிறைந்தபின் கணக்கை நடத்தத் துணை தேவைப்படுவோருக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இன்கீழ் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. அச்சான்றிதழை வங்கிகள் ஏற்கின்றன. அத்துணை தேவையற்றவர் தம் கணக்கைத் தாமே நடத்தலாம். வருமுன் கிளை மேலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கூட்டம் குறைந்த நேரத்தைக் கேளுங்கள். படிவங்களை முன்பே பெற்று வீட்டில் நிரப்பி வந்தால், கவுண்டரின் முன் நிற்கும் நேரம் பெரிதும் குறையும்.