உணவு குறைந்த நாளில் சர்க்கரை மாத்திரை

சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்வோர் பலரும் அதை ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்ற அறிவுரையை மனத்தில் நன்கு பதித்துக்கொண்டுள்ளனர். இது போற்றத்தக்க பழக்கம். பல ஆண்டுகள் கண்களையும் சிறுநீரகங்களையும் கால்களையும் காப்பது இந்த ஒழுங்கே. ஆயினும், மாத்திரையின் அளவை நாங்கள் முடிவு செய்யும்போது, நீங்கள் வழக்கமாக உண்ணும் உணவு, உங்கள் சிறுநீரகத்தின் செயல்திறன், உடல் எடை, உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டே முடிவு செய்கிறோம். இவற்றில் ஒன்று மாறினாலும் அந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது, நேற்று வரை நன்மை செய்த அதே மாத்திரை இன்று தீங்கு விளைவிக்கக்கூடும்.

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி காணும் நிலை ஒன்றைச் சொல்லலாம். எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கஞ்சி மட்டும் சிறிது அருந்துகிறார். வீட்டிலுள்ளோர் மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுக்கின்றனர். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவரை எழுப்ப முடிவதில்லை. பக்கவாதமோ என்று அஞ்சி அழைத்து வருகின்றனர். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால், சர்க்கரை மிகவும் தாழ்ந்திருக்கிறது. அக்கறையின்மையால் இது நேர்வதில்லை. மாத்திரையை எப்போது நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லாததால் நேர்கிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உங்கள் மாத்திரை எந்த வகை?

சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் அனைத்தும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. பாதுகாப்பு நோக்கில் அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்வது எளிது.

முதல் வகை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியன இவ்வகை. நீங்கள் உண்டீர்களா இல்லையா என்பது இம்மாத்திரைகளுக்குத் தெரியாது. உணவு வராத நேரத்திலும் கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது பெரும்பாலும் இவ்வகையால்தான்.

இரண்டாம் வகை, தனியாக உட்கொண்டால் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவது அரிது. மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், பயோகிளிட்டசோன், வோக்லிபோஸ் ஆகியன இதில் அடங்கும். இவற்றுக்கும் வேறு எச்சரிக்கைகள் உண்டு. அவற்றைப் பின்னர் காண்போம்.

இதில் ஒரு சிக்கல் உள்ளது. நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல மாத்திரைகள் கூட்டு மாத்திரைகள். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒன்றாகச் சேர்ந்தவை மிகுதி. வோக்லிபோஸோ பயோகிளிட்டசோனோ மூன்றாவதாகச் சேர்ந்தவையும் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தை இன்றே படித்துப் பாருங்கள். இயலாவிட்டால் மருந்தாளுநரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உங்கள் மாத்திரையில் முதல் வகை மருந்து இருக்கிறதா என்பது வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.

உண்ணும் நேரமும் வகைக்கு ஏற்ப மாறும். முதல் வகையைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னரோ, சாப்பாட்டுடனோ எடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சமையல் முடியக் காத்திருத்தல் கூடாது. மெட்ஃபார்மினை உணவுடனோ உணவுக்குப் பின்னரோ எடுத்தால் வயிற்றுக் குமட்டல் குறையும். வோக்லிபோஸ் உணவின் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவது; ஆகையால் சாப்பிடத் தொடங்கும்போதே எடுக்க வேண்டும்; சாப்பிடாத வேளையில் அதற்கு வேலையில்லை.

தாழ்சர்க்கரையை அறிதலும் உதவுதலும்

இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி ஆகியன முதல் அறிகுறிகள். பின்னர் தடுமாற்றம், குழறிய பேச்சு, காரணமில்லாச் சினம், மயக்கம், வலிப்பு எனத் தொடரலாம். முதியோரிடம் முதல் அறிகுறிகள் தெளிவாகத் தோன்றாமல், குழப்பமோ அயர்வோ மட்டும் தென்படலாம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற மருந்துகளை உட்கொள்வோரிடம் நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம். வியர்வை மட்டுமே தெரியும்.

அறிகுறி தோன்றியதும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். கருவி அருகில் இல்லையெனில் தாமதிக்காமல் உதவியைத் தொடங்குங்கள். 3 தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 15 கிராம், சர்க்கரையையோ குளுக்கோஸ் தூளையோ அரை டம்ளர் நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இன்னும் 70-ஐத் தாண்டவில்லையெனில் அதே அளவை மறுபடியும் கொடுங்கள். சீரானதும் இட்லியோ சாதமோ சிறிது உண்ணச் செய்யுங்கள். சாக்லேட்டும் பால் இனிப்புகளும் இவ்வேளைக்கு ஏற்றவை அல்ல; அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் உட்கொள்வோருக்கு வீட்டுச் சர்க்கரை விரைந்து உதவாது. அம்மருந்துகள் சர்க்கரையைக் குடலில் பிளக்கும் நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் தூள் கட்டாயம் இருக்க வேண்டும்.

நினைவிழந்தவர் வாயில் நீரோ சர்க்கரையோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். ஒருபுறமாகத் திருப்பிப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.

முதல் வகை மாத்திரையால் கடுமையான தாழ்சர்க்கரை ஏற்பட்டவர் தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு வருவது அவசியம். மருந்து உடலில் ஒரு நாளோ அதற்கு மேலோ தங்கியிருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் இன்னும் நீளும். ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி தாழலாம். "நன்றாகத்தானே இருக்கிறார், ஏன் உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்கிறீர்கள்?" என்று பலர் கேட்கின்றனர். காரணம் இதுவே.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால்

உடல்நலம் குன்றிய நாளில் இரண்டு எதிரெதிர் நிகழ்வுகள் நேரலாம். உணவு குறைவதால் சர்க்கரை தாழலாம். நோயின் அழுத்தத்தால் உயரவும் செய்யலாம். ஆகவே அந்நாளில் ஊகத்தை நம்பாமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். அதுவரை கருத்தில் கொள்ள வேண்டியவை:

1. உணவு உட்செல்லவில்லையெனில், அவ்வேளைக்குரிய முதல் வகை மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

2. வாந்தியும் பேதியும் தொடர்ந்து, நீர்ச்சத்து குறையுமானால் மெட்ஃபார்மினை நிறுத்தி வைக்க வேண்டும். அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகத்துக்கு இரத்தவோட்டம் குறையும்போது மருந்து உடலில் தேங்கி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகும் அபாயம் உண்டு. இது அரிதானது, ஆனால் உயிருக்கு ஊறு செய்வது.

3. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. உண்ணாமல் இருக்கும்போது இவற்றைத் தொடர்ந்தால், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். அப்போது சர்க்கரை அளவு மிக உயர்ந்திருக்காமலும் இருக்கலாம். இதனாலேயே இதை எளிதில் தவறவிடுகின்றனர். குமட்டல், வயிற்றுவலி, மூச்சுவாங்குதல் இருந்தால், மீட்டர் காட்டும் எண்ணை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு முன்னர் இவ்விரண்டையும் குறைந்தது 3 நாள் நிறுத்த வேண்டும். பல் அறுவைக்குச் சென்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

4. இன்சுலினும் போட்டுக்கொள்வோர் தாமாக அதை முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது. அளவை எங்களிடம் கேட்டு மாற்றுங்கள்.

உணவும் நீரும் வழக்கம்போல் உட்செல்லத் தொடங்கியபின், எந்த மாத்திரையை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தியதை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிடுவோரும் உண்டு.

விரத நாளும் பரிசோதனை நாளும்

ஏகாதசி, கந்த சஷ்டி, ரமலான் நோன்பு, தவக்காலம் என உணவைக் குறைக்கும் நாட்கள் நம் எல்லா வீடுகளிலும் உண்டு. விரதத்தைக் கைவிடுமாறு எல்லோரிடமும் நாங்கள் சொல்வதில்லை. ஆனால் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே மாற்றியாக வேண்டும். காலை வேளையில் எடுக்கும் கிளிமிபிரைடைப் பகல் முழுதும் உண்ணாத நாளில் காலையிலேயே எடுத்தல் ஆபத்து. ரமலான் நோன்பு நோற்போருக்குப் பெரும்பாலும் அதை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றி, அளவையும் தேவைக்கேற்பக் குறைக்கிறோம். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே வந்து கலந்து பேசுங்கள். விரதத்தின் நடுவே சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் அப்போதே விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கண்ணெதிரே நடக்கும் இன்னொன்று, இரத்தப் பரிசோதனை நாள். வெறும் வயிற்றில் வரச் சொல்கிறோம். நோயாளி காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் புறப்படுகிறார். பேருந்துப் பயணமும் வரிசையில் காத்திருப்பும் சேர்ந்து பத்து மணி ஆகிவிடுகிறது. வரிசையிலேயே வியர்த்து மயங்குகிறார். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு வரும் நாளில் சர்க்கரை மாத்திரையையும் சிற்றுண்டியையும் கையோடு எடுத்து வாருங்கள். இரத்தம் கொடுத்தபின், இரண்டையும் வழக்கமான முறையில் உண்ணுங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய பரிசோதனையும் அப்போதுதான் உண்மையான நிலையைக் காட்டும்.

சிறுநீரகத்தை ஆண்டுதோறும் அளத்தல்

பத்தாண்டுக்கு முன் எழுதிய அளவு இன்றைய சிறுநீரகத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிரியாட்டினின் பரிசோதனை செய்து, அதிலிருந்து இ.ஜி.எஃப்.ஆர். என்னும் வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிறோம். அது 45-க்குக் கீழ் இறங்கினால் மெட்ஃபார்மின் அளவைக் குறைக்கிறோம். 30-க்குக் கீழ் இறங்கினால் நிறுத்திவிடுகிறோம். கிளிபென்கிளமைடைத் தளர்ந்த சிறுநீரகம் உள்ளோருக்கும் முதியோருக்கும் தவிர்க்கிறோம். "இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரையை ஏன் மாற்றினார்கள்?" என்று ஐயுற வேண்டாம். உடல் மாறியதால் மாத்திரையும் மாறுகிறது.

சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கோ ஆஞ்சியோகிராமுக்கோ செல்லும்போது, மெட்ஃபார்மின் உட்கொள்வதை அங்குள்ளோரிடம் தெரிவியுங்கள். சிறுநீரகத் திறன் குறைந்தோருக்கு அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பரிசோதித்தபின் மீண்டும் தொடங்குவது வழக்கம். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் உட்கொள்வோரிடம் வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின் விளைவு என்று மட்டும் எண்ணிவிடாமல், பி12-ஐயும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே பலர் வீட்டு வாசலிலேயே மாத்திரை பெறுகின்றனர். இது பெரிய உதவி. அதே நபர் வேறொரு மருத்துவரிடமும் காட்டி, அங்கும் மாத்திரை வாங்குவதுண்டு. நிறமும் பெயரும் வேறாக இருப்பதால் இரண்டையும் உட்கொள்கிறார். உள்ளே இருப்பதோ ஒரே மருந்து. எங்கு சென்றாலும் எல்லா மாத்திரைகளையும் காட்டுவதே இதற்குத் தீர்வு.

தவறவிட்ட வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரண்டு மாத்திரை எடுக்காதீர்கள். மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினைப் பொடித்தோ மென்றோ உண்ணாதீர்கள். நண்பருக்கு நன்றாக வேலை செய்த மாத்திரை உங்களுக்கு உரியதன்று. மதுவும் தாழ்சர்க்கரையைக் கூட்டும். சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் பூஞ்சை மருந்துகளும் முதல் வகை மாத்திரையின் விளைவை மிகைப்படுத்தும். ஸ்டீராய்டுகள் சர்க்கரையை உயர்த்தும். சூரணமோ கஷாயமோ கூடுதலாக எடுத்துக்கொண்டால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

அடுத்த வருகையின்போது

வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், பிற நோய்களுக்கானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சர்க்கரை அளவுகளைக் குறித்த நோட்டையும் கொண்டு வாருங்கள். "சாப்பிட முடியாத நாளில் இவற்றில் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும்?" என்று எங்களிடம் கேளுங்கள். விடையை மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதித் தருவோம். அந்தச் சீட்டை மாத்திரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்; மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மகளாயினும் மருமகளாயினும் பேரனாயினும், தேவைப்படும் நாளில் அது அவர் கண்ணில் படும்.